இருதயமும் இரத்த ஓட்டமும்: மந்திரத்துக்கு அங்கே என்ன வேலை?

(ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கூடிய பொதுக்கூட்டம் ஒன்றில் தோழர் ஒருவர் செய்த சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசும்படி சொல்லியிருக்கும் விஷயம் மனிதனுடைய இருதயமும் இரத்த ஓட்டமும் என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், "இதென்ன, சுயமரியாதைக்காரன் கூட்டமென்று மெனக்கெட்டு வந்தால் வைத்தியக் கல்லூரிப் பாடமல்லவா நடத்தப் போகிறான்" என்று நினைக்கலாம். நான் டாக்டர் அல்ல. படித்துத் தெரிந்துகொண்டதையும், தெரிந்தவர்களிடம் கேட்டறிந்ததையும் உங்களிடம் சொல்ல வந்திருப்பவன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நம்மை ஏய்த்துப் பிழைக்கிறவன் எதை மூலதனமாக வைத்து ஏய்க்கிறான்? நமக்குத் தெரியாத விஷயம் எதுவோ அதையே மூலதனமாக வைத்து ஏய்க்கிறான். நம் நெஞ்சுக்குள்ளே என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாதிருக்கிற வரையில், அதற்குள்ளே கடவுள் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருவன் சொல்லுவான். பேய் உட்கார்ந்திருக்கிறது என்று இன்னொருவன் சொல்லுவான். இருவருமே நம் மடியை அவிழ்ப்பார்கள். ஆகவே இதுவும் சுயமரியாதை விஷயமேயாகும்.

உங்கள் மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே வானத்தைப் பார்க்கிற பெரிய தொலைநோக்கிகள் இருக்கின்றன. 1977-ம் வருஷம் மார்ச் மாதம் 10-ந் தேதி, இங்கிருந்து 200 கோடி கிலோ மீட்டருக்கும் அப்பாலுள்ள யுரேனஸ் என்கிற கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகும்போது, அந்தக் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பது உலகத்துக்குத் தெரிந்தது. அன்று அதைக் கவனித்த சில இடங்களில் நமது காவலூரும் ஒன்று. வளையத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. கிரகம் மறைப்பதற்கு முன்னும் பின்னும் நட்சத்திரத்தின் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சம் மங்கியது. எதனால் மங்கிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்துக் கண்டுகொண்டார்கள். இந்த மலையிலிருந்து அத்தனை தூரத்திலுள்ளதை அறிய முடிந்தது. ஆனால் இதே மலையில் இருக்கிற மனிதனுக்குத் தன் சட்டைக்கு ஒரு விரற்கடை உள்ளே இருப்பது என்ன என்று தெரியவில்லை என்றால், அது யாருடைய குற்றம்? உங்களுடைய குற்றமல்ல, சொல்லிக்கொடுக்காதவர்களுடைய குற்றம். ஆகையால் சொல்லுகிறேன்.

அது ஒரு பம்பு

உங்கள் வலது கை விரல்களை இடது கை மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வைத்துப் பாருங்கள். துடிக்கிறதல்லவா? அந்தத் துடிப்பு இருதயம் ஒரு தடவை சுருங்கியதால் எழும்பிய அலை. நிமிஷத்துக்குச் சுமார் 72 தடவை. நாள் ஒன்றுக்கு 1 லட்சம் தடவைக்கு மேல். தூங்கினாலும் அடிக்கும், விழித்தாலும் அடிக்கும்.

இருதயம் என்பது அவரவர் மூடிய கை அளவுள்ள ஒரு சதை. எடை கால் கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். பொங்கலுக்கோ பொதுவிருந்துக்கோ ஆடு அறுக்கும்போது அதன் இருதயத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மனிதனுடையதும் ஏறக்குறைய அதே மாதிரிதான். உள்ளே நான்கு அறைகள் இருக்கின்றன. மேலே இரண்டு, கீழே இரண்டு. நடுவே முழுச் சுவர். வலது பக்கத்து இரண்டறைகளும் ஒரு பம்பு. இடது பக்கத்து இரண்டறைகளும் இன்னொரு பம்பு. உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து, கறுத்துவந்த இரத்தத்தை வலது பம்பு வாங்கி நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கே நாம் இழுக்கிற மூச்சிலிருந்து பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு இரத்தம் நல்ல சிவப்பாகி இடது பக்கம் வருகிறது. இடது பம்பு அதைத் தலைமுதல் கால் நகம் வரையில் தள்ளுகிறது. இடது கீழறையின் சுவர் வலது அறையின் சுவரைவிடத் தடிப்பாக இருப்பதைக் காணலாம். பக்கத்திலுள்ள நுரையீரலுக்குத் தள்ளுகிறவனுக்கு எவ்வளவு பலம் வேண்டும்? ஊர் முழுதுக்கும் தள்ளுகிறவனுக்கு எவ்வளவு வேண்டும்? வேலைக்குத் தக்க சதை. அவ்வளவுதான்.

அறைகளுக்கு நடுவே ஒருபக்கம் மட்டும் திறக்கிற கதவுகள் உண்டு. நம் கிணற்றுப் பம்பில் வால்வு என்கிறோமே, அதேதான். போன இரத்தம் திரும்பிவராதபடி அவை மூடிக்கொள்ளுகின்றன. டாக்டர் குழலை வைத்துக் கேட்கும்போது "லப்-டப்" என்று கேட்கிற சத்தம் அந்தக் கதவுகள் சாத்துகிற சத்தமேயொழிய, உள்ளே யாரும் உட்கார்ந்து ஜபம் செய்கிற சத்தமல்ல.

1,400 வருஷத்துப் பொய்

இது இன்றைக்குப் பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் உலகம் இதைத் தெரிந்துகொள்ள எத்தனை காலம் பிடித்தது தெரியுமா? சுமார் 1,800 வருஷங்களுக்கு முன் ரோமாபுரியில் காலன் என்று ஒரு பெரிய வைத்தியர் இருந்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் மனிதப் பிணத்தை அறுக்க முடியாத காலமாகையால் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்தார். ஈரல் நாள்தோறும் சாப்பாட்டிலிருந்து புது இரத்தம் செய்கிறது, உடம்பு அதைக் குடித்துத் தீர்த்துவிடுகிறது, இருதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு என்று எழுதிவைத்தார். அவர் எழுதியது தப்பு என்பதுகூடப் பெரிதல்ல. மனிதன் தப்புச் செய்யக்கூடியவனே. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் 1,400 வருஷ காலம், "பெரியவர் சொல்லிவிட்டார், நாம் யார் கேட்க" என்று இருந்தார்களே, அதுதான் பெரிது.

கேட்டவர்கள் இல்லாமலுமில்லை. 13-ம் நூற்றாண்டில் கெய்ரோ நகரத்தில் இப்னு அல்நபீஸ் என்கிற வைத்தியர், நடுச்சுவரில் ஓட்டை கிடையாது, இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் சுற்றிவருகிறது என்று எழுதினார். அது பல நூற்றாண்டு வெளியே பரவாமற் போயிற்று. ஐரோப்பாவில் மைக்கேல் செர்வீட்டஸ் என்பவரும் தம் மத விவாதப் புத்தகம் ஒன்றில் இதையே எழுதினார். அவரை 1553-ம் வருஷம் ஜெனீவாவில் உயிரோடு கம்பத்தில் கட்டிக் கொளுத்தினார்கள். இரத்தத்தைப் பற்றிச் சொன்னதற்காகக் கொளுத்தவில்லை. கடவுள் மூவராயிருந்து ஒருவராகிறார் என்பதை மறுத்ததற்காகக் கொளுத்தினார்கள். ஆனால் நெருப்புக்கு வித்தியாசம் தெரியுமா? புத்தகமும் எரிந்தது, அதிலிருந்த இரத்த ஓட்டமும் எரிந்தது. மதத்தைக் காப்பாற்றுகிறவன் அறிவை எரிக்காமல் காப்பாற்றினான் என்பதாக ஒரு நாட்டுச் சரித்திரமும் கிடையாது.

நம் நாடு மாத்திரம் என்ன உயர்த்தி? சுசுருதர் பேரிலுள்ள பழைய வைத்திய நூலில் பிணத்தை ஆராய்கிற முறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் பிறகு பிணத்தைத் தொட்டால் தீட்டு என்று வந்தது. பிணத்தைத் தொடுகிற வேலையைச் சிலர் தலையில் கட்டி, அவர்களைத் தீண்டாதவர்கள் என்று ஒதுக்கினார்கள். 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்பவர் துணிந்து பிணத்தை அறுத்தபோதுதான் இந்தக் காலத்து வைத்தியம் இங்கே வழி திறந்தது. அறிவு வேண்டுமானால் தீட்டை விடவேண்டும். தீட்டு வேண்டுமானால் அறிவை விடவேண்டும். இரண்டையும் ஒரே மடியில் முடிந்துகொள்ள முடியாது.

ஹார்வி போட்ட கணக்கு

1628-ல் வில்லியம் ஹார்வி என்கிற ஆங்கிலேய வைத்தியர் 72 பக்கமுள்ள ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அவர் செய்த காரியம் மிகவும் எளிது. கணக்குப் போட்டார். இன்றைய அளவுகளை வைத்து நாமும் போட்டுப் பார்க்கலாம். இருதயம் ஒரு தடவை சுருங்கினால் சுமார் 70 மில்லி லிட்டர் இரத்தம் வெளியே போகிறது. நிமிஷத்துக்கு 72 தடவை என்றால் 5 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கிற எண்ணெய் டின்னில் அளந்தால் 20 டின்! ஈரல் சாப்பாட்டிலிருந்து நாள்தோறும் புது இரத்தம் செய்கிறது என்றீர்களே, மணிக்கு 20 டின் இரத்தம் செய்ய அந்த மனிதன் எத்தனை மூட்டை சாமைச் சோறு தின்னவேண்டும்? ஆள் எடையே 60 கிலோதானே! ஆகவே புது இரத்தம் வருவதில்லை. இருக்கிற இரத்தமேதான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது என்பதைத் தவிர வேறு வழியில்லை.

அத்தோடு விடவில்லை. கையில் கயிறு கட்டிக் காட்டினார். அதை நீங்களும் இங்கேயே செய்யலாம். முன்வரிசையில் இருக்கிற பெரியவர் கொஞ்சம் கையை நீட்டட்டும். முழங்கைக்கு மேலே துண்டைச் சுமாரான இறுக்கமாகக் கட்டுகிறேன். பாருங்கள், கீழ்ப்பக்கம் நரம்பு புடைக்கிறது. நரம்பு என்று நாம் சொல்லுகிற இவைதான் சிரைகள். இரத்தத்தைத் திருப்பி இருதயத்துக்குக் கொண்டுபோகிற குழாய்கள். இரத்தம் மேலிருந்து கீழே வருவதாயிருந்தால் கட்டுக்கு மேலே அல்லவா புடைக்கவேண்டும்? கட்டுக்குக் கீழே புடைப்பதால், அது கீழிருந்து மேலே போகிறது. அதில் அங்கங்கே சிறு முடிச்சுப்போல் தெரிகிறதே, அவைதான் கதவுகள். ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் இரத்தத்தை மேல்பக்கமாக அடுத்த முடிச்சைத் தாண்டி வழித்துவிடுகிறேன். நடுவே காலியாகிவிட்டது, மேலே போன இரத்தம் கீழே இறங்கவில்லை. கீழ்விரலை எடுக்கிறேன், கீழிருந்து உடனே நிரம்புகிறது. போதும், துண்டை அவிழ்த்துவிடுவோம். பெரியவர் பயப்படவேண்டாம், அவர் இரத்தம் அவரிடமேதான் இருக்கிறது.

தோழர்களே! 1,400 வருஷத்துப் பொய்யைக் கொன்றது ஒரு துண்டும் ஒரு பெருக்கல் கணக்கும்தான். தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் ஹார்வி காணவில்லை. பூதக்கண்ணாடி அப்போது அவ்வளவு வளரவில்லை. வழி இருந்தே தீரவேண்டும் என்றார். 1661-ல் மல்பீகி என்கிற இத்தாலியர் தவளையின் நுரையீரலைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, மயிரைவிட மெல்லிய நுண்குழாய்களைக் கண்டார். ஹார்வி அதற்கு 4 வருஷம் முன்னால் இறந்துபோனார். காவலூரில் காணாத வளையத்தைக் கணக்கில் கண்டதுபோலவேதான் இதுவும். இதுவே பகுத்தறிவின் வழி. பார்த்ததிலிருந்து பாராததற்குப் போவது. பிறகு அதையும் பார்த்துச் சரிபார்ப்பது. நம் பண்டிதர்கள் பாராததிலிருந்து புறப்பட்டுப் பாராததிலேயே போய்ச் சேருகிறார்கள்.

நிற்க. ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "அது பம்பாகவே இருக்கட்டும், அந்தப் பம்பை ஓட்டுகிறவன் யார்? கடவுள்தானே?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இருதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு சதை முடிச்சு இருக்கிறது. கீத், ஃபிளாக் என்ற இருவர் அதை 1907-ல் கண்டுபிடித்தார்கள். அந்த முடிச்சு தானாகவே மின்சாரத் துடிப்பை உண்டாக்கி இருதயத்தைச் சுருங்கச் செய்கிறது. அது கெட்டுப்போனால் என்ன செய்வது? 1958-ல் ஸ்வீடனில் ஒரு சிறு மின்கருவியை ஒரு மனிதன் உடம்புக்குள் முதன்முதலில் வைத்தார்கள். பேஸ்மேக்கர் என்று பெயர். இன்று அது லட்சக்கணக்கான மனிதர்களுடைய இருதயத்தை பேட்டரியைக்கொண்டு ஓட்டுகிறது. கடவுள் ஓட்டுகிறார் என்றால் பேட்டரி எதற்கு? ஓட்டுகிறவருக்கு இளைப்பு வந்துவிட்டதா?

ஆத்மா இருதயத்தில் இருக்கிறது என்கிறவர்களுக்கும் ஒரு சங்கதி. 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் பர்னார்ட் என்கிற டாக்டர் ஒருவருடைய இருதயத்தை எடுத்து இன்னொருவருக்கு வைத்தார். இந்தியாவில் 1994-ல் டில்லியில் டாக்டர் வேணுகோபால் வைத்தார். இன்று சென்னையில் இது அடிக்கடி நடக்கிற வைத்தியம். இருதயம் மாறியவர் பிழைத்தெழுந்து தன் மனைவி மக்களைத்தான் அடையாளம் கண்டுகொள்ளுகிறாரே ஒழிய, கொடுத்தவருடைய மனைவி மக்களையல்ல. ஆகவே நினைவும் அன்பும் மூளையின் வேலை. இருதயம் ஒரு சதை; ஆனால் மிகவும் நாணயமான சதை.

சென்னைக்குப் பக்கத்தில் திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் என்று ஒரு சாமி இருக்கிறது. பூசலார் என்பவர் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார் என்பது கதை. அதனால் நெஞ்சுநோய்க்காரர்கள் அங்கே போய் வேண்டிக்கொள்ளுகிறார்கள். மனசால் கட்டிய கோயிலுக்குக் காணிக்கையையும் மனசாலேயே செலுத்தினால் நமக்கு ஆட்சேபணையில்லை. மார்வலி வந்தவன் முதலில் அங்கே போய்விட்டுப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறானே, அதற்குத்தான் ஆட்சேபிக்கிறோம். ஏனென்றால், ஊர் முழுதுக்கும் இரத்தம் தள்ளுகிற இருதயத்துக்கும் இரத்தம் வேண்டும். அதற்கென்று தனிக் குழாய்கள் அதன்மேலேயே படர்ந்திருக்கின்றன. புகையிலை, உப்பு, கொழுப்பு, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி இவற்றால் அக்குழாய் குறுகி, ஒருநாள் அதில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளுகிறது. அதுதான் மாரடைப்பு. அடைத்த நிமிஷத்திலிருந்து சதை சாக ஆரம்பிக்கிறது. செத்த சதை மீளாது. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2023 ஜூன் மாதத்தில் "இதயம் காப்போம்" என்று ஒரு திட்டம் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். நெஞ்சைப் பிசைகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, குப்பென்று வியர்வை வந்தால் வாய்வு என்றும் கண்ணேறு என்றும் சொல்லிக்கொண்டு சுக்குக் கஷாயம் போடாமல் அங்கே ஓடுங்கள்.

விஷம் ஏறும் வழி

இனி நான் இந்த மலைக்கு வந்ததற்கு முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். உடம்பில் மொத்தம் சுமார் 5 லிட்டர் இரத்தம். நிமிஷத்துக்குத் தள்ளுவதும் 5 லிட்டர். அப்படியானால் என்ன அர்த்தம்? ஒரு நிமிஷத்தில் உங்கள் இரத்தம் முழுதும் உடம்பை ஒரு தடவை சுற்றி வந்துவிடுகிறது. இந்த ஒரு கணக்கை மாத்திரம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

இங்கே பாம்பு கடிக்கிறது. புதரில் விறகு பொறுக்கும்போது கடிக்கிறது. தரையில் படுத்த குழந்தையை இரவில் கடிக்கிறது. கடித்த இடத்து விஷம் முதலில் தோலுக்கடியிலுள்ள நிணநீர்க் குழாய்களில் கலந்து, அங்கிருந்து இரத்தத்துக்கு வருகிறது. காலிலுள்ள நிணநீரையும் சிரை இரத்தத்தையும் மேலே ஏற்றுவது எது? நடக்கும்போது சுருங்குகிற கால்சதைதான். ஆகவே கடிபட்டவன் ஓடினால் தன் காலாலேயே விஷத்தை மேலே ஏற்றுகிறான். இரத்தத்தில் சேர்ந்தபிறகு அதற்கு ஒரு நிமிஷம் போதும்.

நல்ல பாம்பு, கட்டு விரியன் விஷம் நரம்பைத் தாக்கி இமையைச் சொருகச் செய்து மூச்சை நிறுத்துகிறது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் இரத்தத்தையே தாக்குகிறது. காயம்பட்டால் இரத்தம் உறைவதற்கு அதில் சில சரக்குகள் உண்டு. விரியன் விஷம் அந்தச் சரக்கையெல்லாம் வீணாகச் செலவழித்துவிடுகிறது. அப்புறம் ஈறில் இரத்தம், சிறுநீரில் இரத்தம். இதை அறிய ஆஸ்பத்திரியில் பெரிய யந்திரம்கூட வேண்டியதில்லை. உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். உறைந்திருந்தால் நல்லது, தண்ணீராய் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. எந்த மந்திரவாதியாவது இந்தக் குழாயை வைத்துக்கொண்டு, தன் மந்திரத்தால் ஓடுகிற இரத்தத்தை உறைய வைத்துக் காட்டட்டும். நாங்கள் கருப்புச் சட்டையைக் கழற்றிவிடுகிறோம்!

"எங்கள் ஊரில் மந்திரித்து எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்களே" என்பீர்கள். பிழைத்திருப்பார்கள். ஏன்? பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப் பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறுமனே கடிக்கும். அப்படிக் கடிபட்டவன் மந்திரித்தாலும் பிழைப்பான், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பான், மந்திரவாதியை இரண்டு அடி அடித்தாலும் பிழைப்பான். பிழைத்தால் மந்திரத்தின் மகிமை. செத்தால் அவனவன் தலையெழுத்து. இந்த மாதிரி இரண்டு பக்கமும் லாபமுள்ள வியாபாரம் வேறெங்கே இருக்கிறது? செத்தவர்கள் வந்து சாட்சி சொல்லுவதில்லை என்பதே அவன் முதல். இந்தியாவில் பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் சாவதாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். இவர்களில் எத்தனை பேருக்கு மந்திரிக்கப்பட்டது என்று மந்திரவாதி கணக்கு வைத்திருக்கிறானா?

மருந்து இருக்கிறது, தோழர்களே. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைச் செலுத்தினால் அதன் இரத்தம் விஷத்தை முறிக்கிற சத்தை உண்டாக்குகிறது. அதைப் பிரித்தெடுத்ததே விஷமுறிவு மருந்து. சிரை வழியாக ஏற்றினால் அதுவும் ஒரு நிமிஷத்தில் உடம்பு முழுதும் சுற்றி விஷத்தைப் பிடிக்கிறது. விஷம் போன வழியிலேயே மருந்தும் போகிறது. ஆனால் விஷம் செய்து முடித்த சேதத்தை அது திருப்பாது. ஆகவேதான் நேரம்.

இந்த மருந்துக்கு வேண்டிய விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடக்கிறது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு பேருக்கு 2023-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. படிப்பு வாசனையில்லாதவர்கள், காட்டு ஜாதி என்று எவரை ஏளனம் செய்தார்களோ அவர்கள் கையிலிருந்து புறப்படுகிற சரக்குதான் மாடிவீட்டுக்காரனையும் மடாதிபதியையும் காப்பாற்றுகிறது. எந்த மடத்து விபூதி எந்த இருளனைக் காப்பாற்றிற்று?

ஜாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1901-ல் லாண்ட்ஸ்டைனர் என்கிற ஆஸ்திரிய அறிஞர் மனித இரத்தத்தில் பிரிவுகள் உண்டென்று வெளியிட்டார். அவைதான் ஏ, பி, ஓ, ஏபி என்பவை. அந்தப் பிரிவு முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்பதற்குச் சம்பந்தப்பட்டதல்ல. இந்த மலையில் சாமை விதைக்கிற ஒரு தோழனுடைய இரத்தம் காஞ்சிபுரத்து வைதிகருக்குப் பொருந்தலாம். அந்த வைதிகரின் சொந்தத் தம்பியுடைய இரத்தம் அவருக்குப் பொருந்தாமலும் போகலாம். ஆபரேஷன் மேஜைமேல் படுத்தவன் எவனாவது, "கொடுத்தவன் எந்த ஜாதி?" என்று கேட்டு வேண்டாமென்றிருக்கிறானா? உயிர் போகும்போது இல்லாத ஜாதி, உயிர் வந்தபிறகு எங்கிருந்து வருகிறது?

வழி இல்லாத குற்றம் யாருடையது?

இனி நான் உங்களை மாத்திரம் குறை சொல்லிவிட்டுப் போனால் அது அயோக்கியத்தனமாகும். 2023-ம் வருஷம் மே மாதம் வேலூர் ஜில்லா அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலையிலிருந்து இறங்கச் சரியான பாதையில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் குழந்தை இறந்துவிட்டது. அத்தோடு போயிற்றா? பரிசோதனை முடிந்து பிணத்தைக் கொண்டுவந்த வண்டியும் மலைமேல் ஏற முடியாமல் பாதி வழியில் நின்றுவிட, பெற்ற தாய் அந்தப் பிணத்தைக் கையில் சுமந்துகொண்டு பல மைல் நடந்தாள். அவள் மந்திரவாதியிடம் போனாளென்று யாராவது சொல்ல முடியுமா? அவள் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினாள். ரோடுதான் இல்லை.

இரத்தம் சுற்றுவதற்கு உடம்புக்குக் குழாய் எப்படியோ, அப்படி நாட்டுக்கு ரோடு. நகரத்துக்குப் போகிற குழாய் அகலமாகவும், மலைக்குப் போகிற குழாய் அடைத்தும் இருந்தால் அந்த நாட்டுக்கும் மாரடைப்பு என்றுதான் பேர். விரலுக்கு இரத்தம் போகாவிட்டால் விரல் அழுகும். அழுகல் விரலோடு நிற்காது. சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாகத் தமிழ்நாட்டுச் சர்க்கார் அறிவித்தது நல்ல காரியம். எங்கே எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் மருந்தை எங்கே வைப்பது என்று தெரியும். ஆனால் மருந்து மலையடிவாரத்திலும் மனிதன் மலையுச்சியிலும் இருந்தால் போதாது. கோயிலுக்குத் தேர் வேண்டுமென்று வசூல் செய்ய வருகிறவர்களிடம் கேளுங்கள்: "தேர் ஓட ரோடு வேண்டாமா? முதலில் ரோடு போடுவோம், ஆம்புலன்சு ஓடட்டும்" என்று. ஓட்டுக் கேட்க வருகிறவர்களிடமும் இதையே கேளுங்கள்.

அதுவரையில் நீங்கள் செய்யவேண்டியது என்ன? கடிபட்டவரைப் பயப்படுத்தாதீர்கள், நடக்கவிடாதீர்கள், டோலி கட்டித் தூக்குங்கள். கடிபட்ட காலையோ கையையோ எலும்பு முறிவுக்கு வைப்பதுபோலக் கட்டை வைத்து ஆடாமல் வையுங்கள். மெட்டி, மோதிரம், வளையல் இருந்தால் கழற்றுங்கள், வீங்கும். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். இப்போது பெரியவர் கையில் பார்த்தீர்களே, கட்டுக்குக் கீழே இரத்தம் நின்றுவிடும், நேரமானால் அந்த அங்கமே சாகும். கத்தியால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பச்சிலை வைத்து நேரம் போக்காதீர்கள். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வருகிற இடத்துக்கு நீங்களே தூக்கிக்கொண்டு இறங்குங்கள். ஊருக்கு ஊர் வாலிபர்கள் ஐந்தாறு பேர் இதற்கென்றே ஒரு சங்கமாயிருந்து, ஒரு நல்ல டோலியும் ஒரு விளக்கும் எப்போதும் தயாராய் வைத்திருந்தால், அது நூறு பஜனைமடத்துக்குச் சமானம்.

மலைக்குக் கீழே வேலூர் இருக்கிறது. அங்கேயுள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில்தான் 1973 டிசம்பர் 24-ந் தேதி நமது பெரியார் அவர்கள் 94 வயதுக்கு மேல் மறைந்தார்கள். கடைசி வருஷங்களில் உடம்பில் குழாயையும் பையையும் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். இறப்பதற்கு ஐந்து நாள் முன்புகூடச் சென்னை தியாகராய நகரில் மேடையேறிப் பேசினார்கள். வலி வந்தபோது எந்தச் சாமியையும் அவர் கூப்பிடவில்லை; டாக்டரைக் கூப்பிட்டார். விஞ்ஞானம் நீட்டிக்கொடுத்த ஒவ்வொரு நாளையும் நமக்காகச் செலவழித்தார். நமக்கு அவர் வைத்துப்போன பாடம் அதுதான்.

தோழர்களே! நான் அரைமணி நேரம் பேசியிருப்பேன். இதற்குள் உங்கள் ஒவ்வொருவர் இருதயமும் 2,000 தடவைக்கு மேல் அடித்துவிட்டது. உங்கள் இரத்தம் 30 தடவை உடம்பைச் சுற்றி வந்துவிட்டது. நீங்கள் யாரையும் வேண்டிக்கொள்ளவில்லை, யாரும் மந்திரிக்கவில்லை. நாளைக்கு உங்களில் ஒருவரைப் பாம்பு கடித்து, நீங்கள் மந்திரவாதி வாசலில் அரைமணி நேரம் காத்திருந்தால், அப்போதும் இரத்தம் இதே 30 தடவை சுற்றும். ஆனால் விஷத்தோடு சுற்றும். மந்திரவாதி காத்திருக்கச் சொல்லுவான். சாமியாடி காத்திருக்கச் சொல்லுவான். ரோடு போட வேண்டியவர்களும் காத்திருக்கத்தான் சொல்லுவார்கள். இரத்தம் மாத்திரம் யாருக்காகவும் காத்திருக்காது. ஆகையால் நீங்களும் காத்திருக்காதீர்கள்.